ஸ்கானில் சிறுமூளையில் பிழையில்லை. கண்ணை மூடினால் அப்பா விழப் பார்க்கிறார்

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. 12 வருஷமாகச் சலரோகம். மெற்போமின் குளிசை காலையும் இரவும் போடுகிறார். நாங்கள் சுத்த சைவம். ஏழெட்டு மாதமாக அவருடைய நடை சரியில்லை. பகலில் சுமாராக நடப்பார். விடியப்புறம் எழும்பிப் பின்வளவுக் கக்கூசுக்குப் போகையில் இரண்டு தரம் விழுந்துவிட்டார். கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் வார்க்கக் கண்ணை மூடினால் ஒரு பக்கமாகச் சாய்கிறார். மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தோம், சிறுமூளை உட்பட எல்லாம் வயதுக்கேற்றபடி என்று ரிப்போட் வந்தது. கிளினிக் டொக்டரோ "சிறுமூளைக்கு வாற பாதையில பிழை இருக்கலாம், இரத்தம் சோதிக்க வேணும்" என்றார். சனம் கூட, விளங்கக் கேட்க முடியவில்லை. சிறுமூளை சரியென்றால் பாதை எப்படிப் பிழைக்கும்? காலில் உணர்ச்சி இருக்கிறது என்றுதான் அப்பா சொல்கிறார். இது மாறுமா? அயலில் ஒருவர் நரம்பு ஊசி போடச் சொல்கிறார், போடலாமா? அப்பா இன்னும் சைக்கிளில் சந்தைக்குப் போகிறார், விடலாமா?
– மகள், கோண்டாவில்

அன்புள்ள சகோதரிக்கு,

நரம்பு ஊசி பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அவசரம் அதில்தான் இருக்கிறது. ஊசி போட முதல் பி12 விற்றமின் அளவு பார்க்க இரத்தம் எடுத்துவிடுங்கள். ஊசி ஏறிய பிறகு எடுத்தால் அளவு உயர்ந்து காட்டும். குறைபாடு இருந்ததா இல்லையா என்பதை அதற்குப் பிறகு கண்டுபிடிப்பது பெரும் பாடு. பாமசியில் விற்கும் பி கூட்டுக் குளிசைகளுக்கும் இது பொருந்தும். இரத்தம் எடுத்தாயிற்றென்றால், முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நடை இந்த அளவுக்குக் கெட்டிருக்கையில் சந்தேகத்தின் பேரிலேயே ஊசியைத் தொடங்க மருத்துவர் முடிவு செய்யலாம். ஆகவே அடுத்த கிளினிக் திகதிவரை இருக்காமல் இந்தக் கிழமையே இரத்தத்தைக் கொடுங்கள்.

இனிப் பாதைக்கு வருவோம்.

பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் மூளி என்று படித்திருப்பீர்கள், அதுதான் சிறுமூளை. பிடரி எலும்புக்கு உள்ளே கிடக்கும் அது மூளையின் பருமனில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மனித மூளையின் ஏறத்தாழ 8600 கோடி நரம்புக்கலங்களில் 6900 கோடி அதற்குள் இருக்கின்றன. அது நேரடியாக எந்தத் தசையையும் இழுப்பதில்லை. கால் இப்போது எங்கே நிற்கிறது, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது, பெருமூளை என்ன செய்யச் சொன்னது என்ற மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, கணத்துக்குக் கணம் திருத்தம் அனுப்புவதே அதன் வேலை. சிறுமூளையை விட்டு வெளியேறும் ஒவ்வொரு நாருக்கும் ஏறத்தாழ 40 நார்கள் உள்ளே வருகின்றன. இந்த அளவுக்கு, உள்ளே வரும் செய்தியையே நம்பி வாழும் உறுப்புக்குச் செய்தி நின்றுபோனால், அது எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் பிழையான திருத்தத்தைத்தான் சொல்லும்.

எம்.ஆர்.ஐ. பார்த்தது மண்டைக்குள்ளே மட்டும். அப்பாவின் கால் பெருவிரலிலிருந்து சிறுமூளைக்குப் போகும் வழியில் பெரும்பகுதி மண்டைக்கு வெளியே, காலிலும் முதுகிலும் கிடக்கிறது. ஸ்கானும் பொய் சொல்லவில்லை, டொக்டரும் பொய் சொல்லவில்லை.

அந்த வழியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். கெண்டைக்கால் தசைக்குள்ளே நூல்கண்டு போன்ற சின்னஞ்சிறு கதிர்கள் இருக்கின்றன. தசை எவ்வளவு நீண்டிருக்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்று அளப்பவை அவை. நிற்கும்போது உடம்பு முன்னால் ஒரு விரற்கடை சாய்ந்தால் கெண்டைத்தசை இழுபடும். கதிர் உடனே செய்தி அனுப்பும். அதைக் கொண்டுபோகும் நார் உடம்பிலுள்ள மிகத் தடித்த நார்களில் ஒன்று, கொழுப்பு உறை தடிப்பாகச் சுற்றியது. முண்ணாணுக்குள், அதாவது முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டுக்குள், போனதும் அது கிளைவிடுகிறது. ஒரு கிளையின் செய்தி முண்ணாணின் பின்பக்கத் தூண்கள் வழியாகப் பெருமூளைக்கு ஏறி, "என் கால் இங்கே இருக்கிறது" என்ற அறிவாகிறது. மற்றக் கிளை, மார்பு மட்டத்திலிருந்து இடுப்பின் மேற்பகுதி வரை நீளும் கிளார்க்கின் தூண் என்ற கலக்கூட்டத்தில் இன்னொரு கலத்திடம் செய்தியைக் கையளிக்கிறது. அந்தக் கலத்தின் நார் முண்ணாணின் வெளி ஓரத்தைப் பிடித்து, அதே பக்கமாக ஏறி, சிறுமூளையை மூளைத்தண்டோடு இணைக்கும் மூன்று காம்புகளில் கீழ்க் காம்பால் உள்ளே போகிறது. இரண்டே கலங்கள், நேர் வழி. மத்திய நரம்புத் தொகுதியிலேயே மிக வேகமான வழிகளில் இதுவும் ஒன்று, செக்கனுக்கு 120 மீற்றர் வரை. இந்த வழி பக்கம் மாறுவதில்லை; இடக்காலின் செய்தி சிறுமூளையின் இடப்பாதிக்கே போகும்.

"காலில் உணர்ச்சி இருக்கிறது" என்று அப்பா சொல்வதை நம்புங்கள். முள்ளுக் குத்தினால் நோவதும், சுடுமணல் சுடுவதும் மெல்லிய நார்களின் வேலை. அவை வேறு வழியால் ஏறுகின்றன. மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது, அதிர்வு தெரிகிறதா என்பவை தடித்த நார்களுக்கு உரியவை. தடித்தவை பழுதாகி மெல்லியவை தப்பியிருந்தால் நுள்ளினால் நோகும், ஆனால் இருட்டில் கால் எங்கே என்று தெரியாது. அதிலும் சிறுமூளைக்குப் போகும் செய்தி மனதுக்கு ஒருநாளும் தெரிவதில்லை. இருக்கும்போதே தெரியாத ஒன்று இல்லாமல் போனதை அவர் எப்படிச் சொல்வார்?

மற்ற வழிகளையும் சுருக்கமாகச் சொல்கிறேன், பின்னால் உதவும். கையின் செய்தி கழுத்து மட்டத்தில் ஏறி, மூளைத்தண்டின் அடிப்பகுதியான நீள்வளைய மையவிழையத்தில் கலம் மாறி, கீழ்க் காம்பாலேயே அதே பக்கம் நுழைகிறது. உட்காதின் சமநிலை உறுப்பிலிருந்து சில நார்கள் இடையில் எங்கும் நிற்காமல் நேரே சிறுமூளைக்குள் போகின்றன. காலிலிருந்து இன்னொரு பாதையும் உண்டு. அது முண்ணாணில் பக்கம் மாறி ஏறி, மேற்காம்பால் உள்ளே நுழைந்து, மறுபடியும் தன் பக்கத்துக்கே திரும்புகிறது. நடக்கச் சொல்லி முண்ணாண் தசைகளுக்கு என்ன கட்டளை கொடுத்தது என்பதன் பிரதியைக் கொண்டுவருவது அது.

எல்லாவற்றிலும் பெரிய பாதை நடுக் காம்பு. பெருமூளையிலிருந்து இறங்கும் நார்கள், கண்ணால் கண்டதும் செய்ய நினைத்ததும் உட்பட, மூளைத்தண்டின் நடுப்பகுதியான வரோலியின் பாலத்தில் கலம் மாறி, எதிர்ப்பக்கம் தாண்டி இதற்குள் போகின்றன. இந்தக் காம்பு முழுக்க முழுக்க உள்வழி. ஒவ்வொரு பக்கத்திலும் ஏறத்தாழ 2 கோடி நார்கள். தசைகளை அசைக்கப் பெருமூளையிலிருந்து முண்ணாணுக்கு இறங்கும் நார்களோ பக்கத்துக்கு ஏறத்தாழ 10 இலட்சம்தான்.

நீங்கள் இணையத்தில் தேடினால் பாசி நார், ஏறு நார் என்று இரண்டு பெயர் வரும். இதுவரை சொன்ன வழிகளெல்லாம் சிறுமூளைக்குள் பாசி நாராகவே முடிகின்றன. ஏறு நார் ஒரே இடத்திலிருந்து வருகிறது: மூளைத்தண்டில், ஒலிவ் காயின் வடிவில் புடைத்திருக்கும் கீழ் ஒலிவ் என்ற கலக்கூட்டத்திலிருந்து, எதிர்ப்பக்கம் தாண்டி. சிறுமூளையின் தலைமைக் கலமான பேர்கின்ஜே கலம் ஒவ்வொன்றையும் ஒரே ஒரு ஏறு நார் கொடிபோலச் சுற்றிப் படர்கிறது. பாசி நாரின் செய்தியோ, இடையிலுள்ள சிறுமணிக் கலங்கள் வழியாக, ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட தொடுகைகளாக அதே கலத்தில் வந்து விழுகிறது. பாசி நார் "நிலைமை இது" என்று ஓயாமல் சொல்லும். ஏறு நார் செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு தரம், பிழை நடந்தால் பலமாகத் தட்டிச் சொல்லும். பழகப் பழகத் தவறு குறைவதற்கு இந்தத் தட்டல் முக்கியம் என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். அப்பாவுக்குக் கொடுக்கப்போகும் பயிற்சிக்கு அடித்தளம் அதுதான்.

இப்போது கிணற்றடிக்கு வாருங்கள். நிற்க மனிதனுக்குக் கால், கண், உட்காது என்று மூன்று செய்திகள் உண்டு. அவற்றில் இரண்டு நன்றாக இருந்தால் விழாமல் சமாளிக்கலாம். அப்பாவின் கால்ச் செய்தி மெலிந்திருக்கிறது என்று வையுங்கள். பகலில் கண் அதை ஈடு செய்கிறது. அதனால்தான் சுமாராக நடக்கிறார். கவனித்துப் பாருங்கள், நடக்கும்போது நிலத்தைப் பார்த்தே நடப்பார். பாதத்தைச் சற்று உயர்த்தி 'டப்' என்று வைப்பார். தலைக்குத் தண்ணீர் வார்க்கும் கணத்தில் கண் மூடுகிறது. தலை குனிவதால் உட்காதின் கணக்கும் மாறுகிறது. ஒரு கையில் தண்ணீர் நிறைந்த வாளி. காலடியில் ஈரச் சீமெந்து. மெலிந்துபோன அந்தக் கால்ச் செய்தியை மட்டும் நம்பி நிற்கவேண்டிய கணம் அது, சாயாமல் என்ன செய்வார்? முகம் கழுவும்போது தள்ளாடுகிறதா என்று நரம்பு வைத்தியர்கள் கேட்பது இதற்காகத்தான். அந்த விபரத்தை நான் கேளாமலே நீங்கள் எழுதியது பெரிய உதவி. விடியப்புற இருட்டில் விழுந்ததும் இதே கதைதான்.

சிறுமூளையே பழுதென்றால் படம் வேறு. கண் திறந்திருந்தாலும் ஆடுவார், வெளிச்சம் அதிகம் உதவாது. பேச்சு குழறும் அல்லது துண்டு துண்டாக வரும். மூக்கைத் தொட வரும் விரல் இலக்கைத் தாண்டி ஆடும். பக்கவாட்டில் பார்க்கையில் கண்விழி தானாக அங்குமிங்கும் துடிக்கும். இவை இருந்தால் கட்டாயம் டொக்டரிடம் சொல்லுங்கள். எனக்கு எழுதியதில் இவை ஒன்றும் இல்லை.

வீட்டில் மூன்று விஷயம் பாருங்கள், முடிவை ஒரு தாளில் எழுதிக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். தனியாகச் செய்யவேண்டாம், இன்னொருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

அறையின் மூலையில் அப்பாவை நிறுத்துங்கள். பின்னால் இரண்டு சுவரும், முன்னால் நீங்களும். வெறுங்கால், பாதம் இரண்டும் ஒட்டி, கை தொங்கவிட்டபடி. உங்கள் கை அவரைத் தொடாமல் ஒரு சாண் தூரத்தில் தயாராக இருக்கவேண்டும். தொட்டால் சோதனை பிழைக்கும், ஏன் என்று பிறகு சொல்கிறேன். கண் திறந்து 30 செக்கன் நிற்கட்டும். அது முடிந்தால் மட்டும், கண் மூடி 30 செக்கன். திறந்தபோது நின்றவர் மூடியதும் காலை எடுத்து வைத்தாலோ விழப்போனாலோ, எத்தனையாவது செக்கனில் என்று குறியுங்கள். 19ஆம் நூற்றாண்டில் பேர்லினில் ரொம்பேர்க் என்ற மருத்துவர் எழுதிவைத்த சோதனை இது. மெல்ல அசைவது எல்லாருக்கும் உண்டு. கணக்கில் எடுக்கவேண்டியது விழப்போவதை. கண் திறந்தே நிற்க முடியவில்லை என்றால் அதோடு நிறுத்தி, அப்படியே எழுதுங்கள்.

இரண்டாவது கால் பெருவிரல். அப்பா படுத்துக் கண்ணை மூடட்டும். விரலின் இரு பக்கங்களையும் உங்கள் இரு விரலால் பிடியுங்கள். மேலும் கீழுமாகப் பிடித்தால் அழுத்தமே விடையைச் சொல்லிக் கொடுத்துவிடும். பலர் பிழை விடும் இடம் அது. மற்ற விரல்களில் முட்டாமல், மிகக் கொஞ்சமாக மேலே அல்லது கீழே அசைத்து "எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். ஒழுங்கு மாற்றி மாற்றிப் 10 தரம். நல்ல காலில் அநேகமாகப் பத்தும் சரியாக வரும். ஐந்தாறு சரி என்றால் அது ஊகம், உணர்ச்சி இல்லை. விரலில் பிழைத்தால் கணுக்காலிலும் அதையே செய்து, எந்த மூட்டிலிருந்து சரியாகிறது என்று எழுதுங்கள்.

மூன்றாவது, படுத்தபடி ஒரு குதிக்காலை மற்ற முழங்காலில் வைத்து, முன்னெலும்பு வழியே கீழே இழுக்கச் சொல்லுங்கள். முதலில் கண் திறந்து, பிறகு மூடி. திறந்தபோது நேராக வந்து மூடியதும் வழுக்கி விலகினால் செய்திப் பாதையில் பிழை. திறந்திருந்தும் வளைந்து வளைந்து வந்தால் சிறுமூளைப் பக்கம் தேடவேண்டும்.

பாதை எந்த இடத்தில் பழுதாகியிருக்கும்? அப்பாவின் விபரங்களைப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் பி12, அதோடு சேர்ந்து சலரோகம். தடித்த நார்களின் கொழுப்பு உறையைப் பேண பி12 வேண்டும். அது குறைந்தால் முண்ணாணின் பின் தூண்களும் பக்க ஓரங்களும் கெடுகின்றன. சிறுமூளைக்கு ஏறும் நார்கள் ஓடுவது அந்தப் பக்க ஓரத்தில்தான். காலின் நரம்புகளும் கூடவே கெடலாம். அப்பாவிடம் குறைபாட்டுக்கு இரண்டு காரணங்கள் தெளிவாகத் தெரிகின்றன. மெற்போமின் நீண்ட காலம், கூடிய அளவில் எடுத்தால் பி12 உறிஞ்சப்படுவது குறையும்; அறிகுறி தெரிந்தால் அளவைச் சோதிக்கும்படி பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2022இல் அறிவுறுத்தியது. மற்றது சைவ உணவு. கீரை, பருப்பு, தோசைப் புளிப்பு, பழஞ்சோறு எதையும் பி12க்கு நம்ப முடியாது. பால், தயிர்தான் உங்களுக்குள்ள வழி. ஒரு கோப்பைப் பாலில் ஏறத்தாழ 1 மைக்ரோகிராம். நாளுக்கு வேண்டியது 2.4. வெறுந்தேத்தண்ணி குடிப்பவருக்கு அது எங்கே காணும்? வயிற்றெரிவுக்கு ஒமெப்ரசோல் போன்ற குளிசையும் வருஷக்கணக்காகப் போடுகிறாரா என்று பாருங்கள், அதுவும் குறைக்கும். ஈரல் சில வருஷங்களுக்குக் காணுமளவு பி12 சேர்த்து வைத்திருப்பதால் குறைபாடு மிக மெதுவாகத்தான் தலைகாட்டும். அதற்காக மெற்போமினை நீங்களாக நிறுத்தவேண்டாம்.

அளவு ஒரு மில்லிலீற்றருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் பொதுவாகக் குறைபாடு. 200க்கும் 300க்கும் இடையில் வந்தால் "நோர்மல்" என்று விட்டுவிடக் கூடாது. பி12 குறைந்தால் இரத்தத்தில் உயரும் மீதைல்மலோனிக் அமிலமோ ஹோமோசிஸ்ரீனோ பார்க்கலாமா என்று கேளுங்கள். இரத்தசோகை இல்லை, ஹீமோகுளோபின் நல்லது என்று யாராவது சொன்னாலும் அது போதாது. இரத்தம் சரியாக இருக்க, நரம்பு மட்டும் கெடுவது நடக்கும். போலிக் அமிலத்தை (இரத்தசோகைக்குக் கொடுக்கும் இன்னொரு பி விற்றமின்) தனியே கொடுத்தால் இரத்தம் திருந்திக் காட்டும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். அதனால் பி12 நிலை தெரியாமல் அதைத் தொடங்கவேண்டாம். கூடவே எச்.பி.ஏ.1.சி. (கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரி), தைரொயிட், சிறுநீரகச் சோதனைகளையும் கேளுங்கள்.

மருத்துவர் 128 ஹேர்ட்ஸ் இசைக்கவையைக் கால் விரலில் வைப்பார், குதிக்கால் நாணில் தட்டுவார், உள்ளங்காலைக் கீறிப் பார்ப்பார். குதிக்கால் தெறிவினை இல்லாமல் போயும், உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேலே எழும்பியும் இருந்தால், கால் நரம்பும் முண்ணாணும் இரண்டுமே சேர்ந்து கெட்டிருக்கின்றன என்று பொருள். பி12 குறைபாட்டில் காணும் சோடி இது. சலரோகம் மட்டுமென்றால் பெருவிரல் எழும்பாது. எழும்பினால் அடுத்த கேள்வி கழுத்து: தேய்ந்த எலும்பு முண்ணாணை நெரித்தாலும் நடை இப்படிக் கெடும், அதோடு சட்டைப் பொத்தான் போடக் கை தடுமாறும், சிறுநீர் அவசரமாக வரும். மூளை ஸ்கான் கழுத்தின் முண்ணாணைக் காட்டாது. "கழுத்துக்கும் எம்.ஆர்.ஐ. வேணுமோ டொக்டர்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை.

அயலவர் சொன்ன நரம்பு ஊசியில், குளிசையில் பெரும்பாலும் பி1, பி6, பி12 மூன்றும் இருக்கும். சில குளிசைகளில் பி6 100 அல்லது 200 மில்லிகிராம். அவ்வளவு பி6ஐ மாதக்கணக்கில் எடுத்தால் அதுவே உணர்ச்சி நரம்புக்கலங்களைக் கெடுத்து, இதே தள்ளாட்டத்தை உண்டாக்கும். நரம்புக்கென்று போட்ட குளிசையால் நரம்பு கெடுவது பெரிய துயரம். வீட்டிலிருக்கும் பெட்டியை எடுத்து, பி6 எவ்வளவு என்று இன்றைக்கே வாசியுங்கள்.

குறைபாடு என்று உறுதியானால் கொடுப்பது தனி பி12. நரம்பு பாதிக்கப்பட்டவருக்கு ஹைட்ரொக்சோகோபாலமின் 1000 மைக்ரோகிராம் ஊசி, ஒன்றுவிட்ட ஒரு நாள், முன்னேற்றம் நிற்கும்வரை. பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பது பிரித்தானிய முறை. இங்கே கிடைக்கும் மருந்தைப் பொறுத்து உங்கள் மருத்துவர் வேறு ஒழுங்கு சொல்லலாம். சைவம் என்று அப்பா தயங்கினால் சொல்லுங்கள், பி12 பக்ரீரியாவை நொதிக்கவைத்து எடுப்பது, இறைச்சியிலிருந்து எடுப்பதில்லை.

மாறுமா என்று கேட்டீர்கள். பி12 என்றால் மேலும் கெடுவதை நிறுத்த முடியும், அது உறுதியான நன்மை. விறைப்பு சில கிழமைகளில் குறையத் தொடங்கலாம்; நடை திருந்த ஆறு மாதம், ஒரு வருஷம் கூடப் பிடிக்கும். தொடங்கிச் சில மாதத்துக்குள் வைத்தியம் செய்தவர்களுக்கு நல்ல பலன், நாள் சென்றால் பாதிதான் மீளும். ஏழெட்டு மாதம் ஆகிவிட்டது; இனியும் பிந்தவேண்டாம் என்பது அதனால்தான். சலரோகத்தால் கெட்ட நரம்பு பெரும்பாலும் முழுதாகத் திரும்பாது. சீனியைக் கட்டுப்படுத்தினால் வேகம் குறையும்.

ஊசி வேலை செய்யும்வரை, ஏன் அதற்குப் பிறகும், திறந்திருக்கும் வழிகளால் சிறுமூளைக்குச் செய்தி அனுப்பவேண்டும். 2006இல் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை பூட்டியபோது குடாநாட்டுக்குச் சாமான் கப்பலில் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அப்பாவுக்குக் கால் வழி பூட்டிக் கிடக்கிறது. கண் வழியும் கை வழியும் திறந்திருக்கின்றன.

கண் வழிக்கு வெளிச்சம். கட்டிலிலிருந்து கக்கூஸ் கதவுவரை இருட்டான ஓர் அடிகூட இருக்கக்கூடாது. விறாந்தையில் ஒன்று, பின்வாசல் படியில் ஒன்று, வளவில் ஒன்று. கரண்ட் நின்றால் தானாக எரியும் சார்ஜ் பல்ப் என்றால் நல்லது. ரோச் லைற் கையில் கொடுத்தால் அது காட்டும் வட்டத்துக்கு வெளியே அவருக்கு நிலம் இல்லை. அதோடு பிடிக்க வேண்டிய ஒரு கையையும் அது எடுத்துவிடுகிறது. இரவுக்குக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சிறுநீர்ப் போத்தல் வைப்பதில் வெட்கமில்லை. படிகளின் விளிம்பில் வெள்ளைப் பெயின்ற் ஒரு கோடு அடியுங்கள்.

கை வழிக்கு ஒரு விரல் போதும். தள்ளாடும் ஒருவர் சுவரை விரல் நுனியால் மெல்லத் தொட்டாலே ஆட்டம் குறைகிறது. பாரம் தாங்குவதால் வரும் பலன் இல்லை அது; விரல் தொடும் இடம் நகர்ந்தால் உடம்பு சாய்கிறது என்ற செய்தி கழுத்து வழியாக மேலே போய்விடுகிறது. மூலையில் நின்று சோதிக்கையில் தொடவேண்டாம் என்றது இதற்காக. கைத்தடியும் இப்படித்தான் உதவுகிறது, நிலத்தை உணரும் நீண்ட விரலாக. கக்கூசுக்குப் போகும் வழியில் இடுப்புயரத்துக்குக் கம்பி பூட்டுங்கள், நெடுகப் பிடித்துக்கொண்டு போகலாம். துணி காயப்போடும் கொடிக் கயிறு உதவாது, ஆடும்.

கிணற்றடியில் பாரமான, கை வைத்த கதிரை ஒன்று போட்டு இருந்து முழுகட்டும். இருந்துவிட்டால் கண்ணை மூடினாலும் பயமில்லை. வாளியால் அள்ளிக் கொட்டாமல் யாராவது வார்த்துவிடுவது அல்லது குழாய் பூட்டுவது. பாசி படிந்த சீமெந்தைத் தும்புத்தடியால் உரஞ்சிக் கழுவுங்கள். காலுக்கு மெல்லிய, கடினமான அடியுள்ள, குதியில் வாருள்ள செருப்பு. பஞ்சுபோல அமுங்கும் சிலிப்பர் மிச்சமிருக்கும் கால்ச் செய்தியையும் விழுங்கிவிடும்.

பயிற்சி. பெரியாஸ்பத்திரியின் இயன்மருத்துவப் பகுதிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்; அதுவரை வீட்டில் இதைத் தொடங்கலாம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சுவிற்சர்லாந்தில் பிறெங்கல் என்ற மருத்துவர், முண்ணாணின் பின் தூண்கள் கெட்டவர்களுக்காக வகுத்த முறை இது: கால் சொல்லாததைக் கண் சொல்லிக் கொடுப்பது. விறாந்தைச் சீமெந்தில் சோக்கால் பாதம் வரையுங்கள், இடமும் வலமுமாக ஆறேழு. முதல் கிழமை அப்பா கதிரையில் இருந்து, ஒன்று இரண்டு மூன்று எண்ணி, காலைத் தூக்கி வரைந்த பாதத்துக்குள் வைக்கட்டும். கோட்டில் பட்டால் திரும்ப வைக்கவேண்டும். வேகம் வேண்டாம், பிழையைக் கண்டு திருத்துவதில்தான் பயன். ஏறு நார்களுக்கு வேலை கொடுப்பது அந்தப் பிழைதான். பத்துத் தரம் சரியாக வந்த பிறகு, மேசையைப் பிடித்து நின்று அதையே செய்யலாம். பிறகு ஒரு விரல் மட்டும் சுவரில். நாளுக்குப் பத்து நிமிஷம் இரண்டு தரம். களைத்தபின் செய்தால் பிழையையே பழகுவார், அதனால் நிறுத்திவிடுங்கள்.

ஒன்று மட்டும் எல்லாவற்றையும் விட அவசரம். இதெல்லாம் மாதக்கணக்கில் வந்த தள்ளாட்டத்துக்குச் சொன்னவை. திடீரென்று தலைச்சுற்றும் வாந்தியுமாக ஒரு பக்கம் இழுத்து விழுந்தால், விழுங்க முடியாமல் போனால், குரல் கம்மினால், விக்கல் நிற்காவிட்டால், ஒரு கண்ணிமை சரிந்தால், அது கீழ்க் காம்பும் மூளைத்தண்டும் இருக்கும் இடத்தில் இரத்தக்குழாய் அடைத்ததாக இருக்கலாம். 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிட்டு யாழ். போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். சீனி, பித்தம் என்று வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். அந்த இடத்து அடைப்பு முதல் மணித்தியாலங்களில் சாதாரண சீ.ரி. ஸ்கானில் தெரியாமலும் போகும். அறிகுறி மாறாமல் இருக்கிறதென்றால் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

சைக்கிள். ஓடும்போது அப்பா பெரும்பாலும் தடுமாறமாட்டார். கண் முன்னால் இருக்கிறது, கை ஹான்டிலில் இருக்கிறது, கால் சும்மா மிதிக்கிறது. ஆபத்து நிறுத்தும்போது. பிரேக் பிடித்து ஒரு காலை ஊன்றும் அந்த நொடியில் நிலம் எங்கே என்று கால் தானாகத் தேடவேண்டும், கண்ணோ முன்னால் வரும் பஸ்ஸில் இருக்கும். சந்தைக்குப் போகும் வழியில் எத்தனை தரம் நிறுத்தி ஊன்றவேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். பெருவிரல் சோதனையில் பத்துக்கு எட்டுக்குக் கீழே வந்தால் ஊசி வேலை செய்யும்வரை சைக்கிளைத் தள்ளி வையுங்கள். "விட்டிடுங்கோ" என்பதை விட, "மூண்டு மாசத்தால திரும்பச் சோதிச்சுப் பாப்பம் அப்பா" என்று சொன்னால் கேட்பார். அதுவரை சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்கலாம், கைக்கு நல்ல பிடி. நல்லூர்த் திருவிழாவுக்கும் போகலாம். ஆனால் வெளிவீதி மணல் கால் புதையும், நெரிசலில் நிலம் தெரியாது. விடியப்புறப் பூசையைத் தவிர்த்து, வெளிச்சம் வந்த பிறகு, உங்கள் தோளில் ஒரு கை வைத்தபடி வரட்டும். மணல் சூடேற முதல் திரும்பிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு உள்ளங்காலையும் நீங்களே விரித்துப் பாருங்கள், கொப்புளமோ கீறலோ இருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.